கத்தரியின் பீரோ

எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி. பெல்பாட்டம் போட்டு வந்தவனைக் கொடிக்கம்பத்தடியில் நிறுத்தி, கால்சட்டையை முழங்கால் வரை வெட்டிவிடுவார். காதை மறைக்கிற முடி என்றால் ஒரு பக்கம் மட்டும் வெட்டி வீட்டுக்கு அனுப்புவார். நாற்பது வருஷம் கழித்து அதே மனிதரை நகர மன்றம் தேடிப் பிடித்து ‘இளைஞர் பண்பாட்டின் காவலர்’ என்று பட்டம் கொடுத்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

நகர மன்றத்தின் கீழ்த்தளத்தில் கண்காட்சி. அந்தக் காலத்து இளவட்டங்கள் எதைக் கேட்டார்கள், எதை உடுத்தினார்கள், எதை ஒளித்து வைத்துப் படித்தார்கள் என்று ஊருக்குக் காட்டப்போகிறார்களாம். அந்த இளவட்டங்களைப் போய்க் கேட்டால் ஒருவரிடமும் ஒரு துரும்பு இல்லை. பாதியைத் தொலைத்தோம், மீதியை நாங்கள் பெற்ற பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது என்று கிழித்துப் போட்டோம். கத்தரியிடம் மட்டும் ஒரு இரும்பு பீரோ நிறைய இருந்தது. எல்லாம் மாணவர்களிடம் பிடுங்கியது. கையெழுத்துப் பத்திரிகைகள், குளிர்கண்ணாடிகள், காதல் கடிதங்கள், வெட்டிய கால்சட்டைத் துண்டுகள், ஒரு கண்ணாடிப் புட்டியில் யாருடைய முடியோ. ஒவ்வொன்றிலும் நூல் கட்டி ஒரு சீட்டு: தேதி, வகுப்பு, குற்றம். இவ்வளவு ஒழுங்கான ஆவணம் வேறெங்கும் இல்லை என்று கண்காட்சிப் பொறுப்பாளர் பேட்டி கொடுத்தார். வழிப்பறிக்காரன் கணக்காக எழுதி வைத்திருந்தால் அவனுக்கும் பாராட்டு விழா எடுப்பார்கள் போலிருக்கிறது.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கண்காட்சியின் விளக்க அட்டைகளை லேமினேஷன் செய்யும் வேலை என் கடைக்குத்தான் வந்தது. நாற்பத்தேழாவது அட்டையை இயந்திரத்தில் விடப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். ‘ஒலிநாடா. பறிமுதல் செய்த இடம்: வேதியியல் ஆய்வுக்கூடம். குற்றம்: பாட்டுப் பதிவு. பாடியவர்: அறியப்படாத மாணவர்.’

அறியப்படாதவனாம். என் அண்ணன் அவன். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அவனை ‘மைக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை கேட்கும் குரல். சொந்தமாக ஆறு பாட்டுக் கட்டி, இரண்டு கூட்டாளிகள் மேஜையில் தாளம் போட, எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டரை ஆய்வுக்கூடத்துக்குத் தூக்கிப் போய்ப் பதிந்தான். பிரதி எடுப்பதற்குள் கத்தரி பிடித்துவிட்டார். பிரம்படி முப்பது, ஒரு மாதம் வகுப்புக்கு வெளியே. வீட்டில் அப்பா தன் பங்குக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு அண்ணன் குளியலறையில்கூடப் பாடியதில்லை. மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்தே காலத்தைத் தள்ளினான். மூன்று வருஷத்துக்கு முன் தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை இருக்கிறது, உள்ளே பேசுவதற்கென்று ஒரு சின்ன வால்வு. அதை விரலால் அடைத்துக்கொண்டால் கரகரவென்று நாலு வார்த்தை வரும். மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று அதையும் வீட்டோடு நிறுத்திக்கொண்டான்.

அட்டையை அவன் மகளிடம் காட்டினேன். அவளுக்கு இருபது வயது. அட்டையை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

“அத்தை, அப்பா அப்படிப் பாடுவாரு இப்படிப் பாடுவாருன்னு எல்லாரும் சொல்றீங்க. நான் ஒரு வரிகூட கேட்டதில்ல. இனிமே கேக்கவும் முடியாதுன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

அன்றைக்கே பொறுப்பாளரைப் போய்ப் பார்த்தேன். வாலிபர்தான். கண்காட்சிக்கென்றே புதிதாகப் பெல்பாட்டம் தைத்துப் போட்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் கத்தரி உட்கார்ந்து அந்தக் கால்சட்டை எடுப்பாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேசட்டை ஒருமுறை போட்டுக் கேட்க வேண்டும் என்றேன். காட்சிப்பொருளைத் தொடக்கூடாது, பாதுகாக்க வேண்டும் என்றார் பொறுப்பாளர். யாருக்காகப் பாதுகாக்கிறீர்கள் என்று கேட்டேன். பாடியவரே வருவார் என்று சொன்னதும்தான் முகம் மலர்ந்தது. திறப்பு விழாவில் பத்திரிகைக்காரர்கள் முன்னால் போடலாம், நன்றாக எடுபடும் என்றார். அறியப்படாத மாணவன் அரை நிமிஷத்தில் சிறப்பு விருந்தினர் ஆகிவிட்டான்.

அண்ணன் முதலில் வரமாட்டேன் என்று கையை ஆட்டினான். மகள் ஒரு வாரம் கெஞ்சினாள். விழாவன்று காலையில் பார்த்தால், சட்டையைத் தானே இஸ்திரி போட்டு, காலர் பொத்தானைக் கழுத்து வரை மாட்டி, எங்களுக்கு முன்னால் வாசலில் நிற்கிறான்.

கூட்டம் நிறைய. எல்லாம் கத்தரியிடம் அடி வாங்கிய தலைகள்தான். ஒரு வழுக்கைத் தலைக்காரர் முடிப் புட்டி தன்னுடையதுதான் என்று சொல்லி, அதோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார். கத்தரி பேசும்போது இதெல்லாம் ஒருநாள் வரலாறு ஆகும் என்று தனக்கு அப்போதே தெரியும் என்றார். அன்றைக்கு அவர் முன்னால் முட்டிபோட்ட கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. சூடு சொரணை என்பது வயதானால் கழன்று விழும் சாமான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு கேசட்டைப் போட்டார்கள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். மகள் அவன் கையைப் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரம் இரைச்சல். அப்புறம் குரல் வந்தது.

“மாணவச் செல்வங்களே, ஒழுக்கம் என்பது...”

கத்தரியின் குரல். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கத்தரிக்கு மட்டும் முகம் சூரியகாந்தியாக விரிந்தது.

“ஆண்டு விழாப் பேச்சு. நல்ல கேசட்டு, பீரோல சும்மா கெடந்துச்சு. வீணாக்குவானேன்னு அதுல பதிஞ்சேன்” என்றார். “எப்படிக் கணீர்னு இருக்கு பாருங்க என் குரல்.” அவர் கண் கலங்கிவிட்டது. தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்று பொறுப்பாளரிடம் கேட்டார். அவரும் தலையாட்டினார்.

அண்ணன் கண்ணைத் திறந்து, கையைப் புரட்டிக் காட்டினான். திருப்பிப் போடுங்கள் என்கிறான். போட்டார்கள். பேச்சின் இரண்டாம் பகுதி. பெற்றோர் கடமை, தேசத்தின் எதிர்காலம். பாதியில் நின்று வெறும் இரைச்சலானது. கடைசியில் ஒரு பாட்டாவது, ஒரு வரியாவது தப்பியிருக்காதா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரைச்சல் ஓடி ஓடி, நாடா முடிந்து டப்பென்று பிளேயரின் பொத்தான் எழும்பியது. அவ்வளவுதான். மகள் குனிந்து தரையைப் பார்த்தாள்.

கத்தரி மேடையிலிருந்து இறங்கி வந்து அண்ணன் தோளைத் தட்டினார்.

“பாட்டு எங்கப்பா போயிடும். மனசுல இருக்கும்ல. எங்க, இப்ப ஒண்ணு எடுத்து விடு பாப்போம்.”

ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது. எண்பத்துநாலு வயது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் அண்ணன் காலர் பொத்தானைக் கழற்றினான். துளை தெரிந்தது. பக்கத்தில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணன் அதில் விரலை வைத்து அடைத்தான். பாட ஆரம்பித்தான்.

நன்றாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். தகரத்தைத் தரையில் இழுப்பது போல இருந்தது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆனால் அது முதல் பாட்டு, ஒரு வார்த்தை மாறவில்லை. வரிக்கு வரி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு பாடினான். பொறுப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்திரிகைக்காரர்கள் கேமராவை இறக்கினார்கள். இந்தத் தொண்டை அவர்கள் கண்காட்சியில் எந்த அட்டைக்கும் பொருந்தாது. கத்தரி, கொடிக்கம்பத்தடியில் எங்கள் சத்தத்தை அடக்கக் காட்டுவாரே, அதே மாதிரி வலது கையைத் தூக்கி, “போதும்” என்றார்.

மகள் தரையிலிருந்து தலையைத் தூக்கி அப்பாவையே பார்த்தாள். அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டாவது பாட்டுக்குப் போனான்.