ரத்தம் பச்சையாக இருந்த வருடம்

ஃபிரான்ஸிக்குப் பதினோரு வயது நடந்த வருடத்தில் ஜெர்மனியில் ரத்தம் பச்சையாக இருந்தது. மனிதர்கள் உடம்பில் ஓடுகிற ரத்தத்தைச் சொல்லவில்லை, கம்ப்யூட்டர் விளையாட்டில் தெறிக்கிற ரத்தம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆஸ்திரியாவில், அது சிவப்பாகவே இருந்தது. நடுவில் ஒரு பாலம். பாலத்தின் இந்த முனையில், ஃபிரைலாஸிங் ஊருக்குள் நுழைகிற இடத்தில், பச்சைச் சீருடையும் தொப்பியும் மீசையுமாக நின்று பாஸ்போர்ட் பார்த்தவர் அலோய்ஸ். ஃபிரான்ஸியின் அப்பா.

பிள்ளைகளுக்குக் கேடு என்று ஒரு விளையாட்டு அரசாங்கப் பட்டியலில் ஏறிவிட்டால் அதைக் கடையில் வெளியே வைத்து விற்க முடியாது, விளம்பரம் செய்யவும் முடியாது. அந்தப் பயத்தில் கம்பெனிக்காரர்கள் முந்திக்கொண்டு தாங்களே கத்திரிக்கோலை எடுத்துவிடுவார்கள். 'இரும்புக் கோட்டை' என்ற விளையாட்டு அப்படி வந்ததுதான். கோட்டையைக் காவல் காத்த மனிதர்கள் எல்லோரும் ஜெர்மன் பதிப்பில் இயந்திரங்களாகிவிட்டார்கள். சுட்டால் பச்சை எண்ணெய் தெறிக்கும், இரண்டு பல்சக்கரம் உருண்டோடும். இவ்வளவு செய்தும் மனசு ஆறாமல் பெட்டியின் மேல் 'பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு ஏற்றதல்ல' என்று ஒரு ஸ்டிக்கர் வேறு. அந்த ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் ஊரிலுள்ள பையன்கள் எல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைந்தார்கள்.

ஃபிரான்ஸியின் அண்ணன் கோர்பிக்கு வயது பதினைந்து. அவன் கூட்டாளி ஃபெர்டிக்கும் அதே வயது, ஆனால் மீசை அரும்பிவிட்டது என்று அவனாகவே சொல்லிக்கொண்டிருந்தான். ஃபெர்டி தன் பெரிய அண்ணனின் அலமாரியிலிருந்து சுட்டுக்கொண்டு வந்த அந்த விளையாட்டைத்தான் ஃபிரான்ஸி வீட்டு நிலவறையில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து ஆடினார்கள். ஒருநாள் அம்மா துணிக்கூடையோடு இறங்கி வந்து திரையைப் பார்த்தாள்.

"என்னடா இது, ஒரே புகையா இருக்கு?"

"மெஷின்மா. கெட்டுப்போன மெஷினை எல்லாம் நிறுத்துறோம்."

"அப்படியே நம்ம வாஷிங் மெஷினையும் பாருங்களேன். கீழ தண்ணி ஒழுகுது" என்று சொல்லிவிட்டு அம்மா மேலே போய்விட்டாள்.

கம்ப்யூட்டர் முன்னால் ஒரே ஒரு நாற்காலி. அதிக தூரம் போனவருக்குத்தான் நாற்காலி என்பது சட்டம். ஃபிரான்ஸிக்குக் கவிழ்த்துப் போட்ட பக்கெட். அந்த வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பொடிசு, தண்ணி எடுத்துட்டு வா." "பொடிசு, லைட்டை மறைக்காதே." அப்பா, அம்மா, ரெஸி அத்தை, எல்லோருக்கும் அவள் பொடிசுதான். தன்னை ஒரு பெரிய ஆளாக யாராவது ஒருவர் மதித்துவிட மாட்டார்களா என்பதுதான் அந்த வருடம் முழுக்க அவளுடைய ஒரே ஏக்கம். உடம்பு வளர்வதற்குள் அவசரம்.

கோட்டையின் ஏழாவது கதவில் பையன்கள் இரண்டு வாரமாக முட்டிக்கொண்டு கிடந்தார்கள். ஒரு சனிக்கிழமை இருவரும் மேலே ரொட்டி தின்னப் போன சமயம் அவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். அவர்கள் திரும்பி வந்தபோது ஒன்பதாவது கதவில் நின்றுகொண்டிருந்தாள். ஃபெர்டி வாயிலிருந்த ரொட்டியை மெல்ல மறந்துபோனான். அன்றைக்கே நாற்காலி கை மாறியது. ஃபெர்டி அவளைத் 'தலைவி' என்று கூப்பிட ஆரம்பித்தான். அடுத்த நான்கு வாரம் அவள் கால் தரையில் பாவவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாலும் கால் தரைக்கு எட்டாது, அது வேறு விஷயம்.

அந்த சந்தோஷத்தில் மண் விழுந்தது ஃபெர்டியின் சித்தி மகனால். அவன் சால்ஸ்புர்க்கில் இருக்கிறான், ஆற்றுக்கு அந்தப் பக்கம். போனில் சிரித்த சிரிப்பு நிலவறைக்கே கேட்டதாம்.

"நீங்க ஆடுறது பாப்பாங்க ஆட்டம்டா. இங்க எல்லாம் நிஜ ஆளுங்க. சிவப்பு ரத்தம். நீங்க ரெண்டு மாசமா தகரடப்பாவைச் சுட்டுட்டு வீரம் பேசிட்டு இருந்திருக்கீங்க!"

மூன்று பேர் மானமும் ஒரே நாளில் கப்பலேறியது. நிஜப் பெட்டியைக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று முடிவாயிற்று. யார் போவது? கோர்பி புத்தாண்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பட்டாசு கடத்தி வந்து சொந்த அப்பாவிடமே மாட்டியவன். அன்றிலிருந்து அவன் பாலத்தைத் தாண்டினால் அப்பா காலுறை வரை உதறிப் பார்ப்பார். ஃபெர்டி அவரைக் கண்டாலே உளறுவான்.

"தலைவி போகட்டும்" என்றான் ஃபெர்டி.

பொடிசை அனுப்பவில்லை, தலைவியை அனுப்புகிறார்கள். அவள் உடனே சரி என்றாள்.

சனிக்கிழமைதோறும் ரெஸி அத்தை பெட்ரோல் மலிவு என்று பாலத்தைத் தாண்டிப் போவாள். அப்படியே முடியையும் சுருட்டிக்கொண்டு வருவாள். அப்பாவுக்கு அக்கா. ஊரில் இறைச்சிக் கடை அவளுடையது. கல்லாவில் நின்றால் கசாப்புக் கத்தியும் வாயும் ஒரே வேகத்தில் வேலை செய்யும். அந்தச் சனிக்கிழமை ஃபிரான்ஸியும் காரில் ஏறிக்கொண்டாள். சால்ஸ்புர்க் கம்ப்யூட்டர் கடையில் அவள் காட்டிய பெட்டியைக் கடைக்காரர் கையில் எடுத்துத் தயங்கினார்.

"அம்மா, இது குழந்தைக்கா? இதுல ரொம்ப ரத்தம் இருக்கு."

"எவ்வளவு ரத்தம்?" என்றாள் அத்தை.

"ரொம்ப."

"திங்கட்கிழமை காலையில எங்க கடைக்கு வாங்க தம்பி. ரொம்பன்னா என்னன்னு காட்டுறேன். பில்லைப் போடுங்க."

வாங்கும்போது இருந்த தைரியம் பாலம் கண்ணில் பட்டதும் போய்விட்டது. மடியில் இருந்த துணிப்பைக்குள் பெட்டி நெருப்புக்கட்டியாகச் சுட்டது. அதைக் கொண்டுவருவதைச் சட்டப்படி யாரும் பெரிதாகக் கேட்டிருக்க மாட்டார்கள். அது அவளுக்கு எங்கே தெரியும்? அப்பா தன்னைக் கைது செய்யவேண்டி வரும், அந்த அவமானத்தில் அவர் வேலையை எழுதிக் கொடுத்துவிடுவார், குடும்பமே நடுத்தெருவில் நிற்கும் என்று வரிசையில் நின்ற ஆறு கார் நேரத்துக்குள் முழுக்கதையும் யோசித்து முடித்துவிட்டாள்.

அப்பா குனிந்து ஜன்னல் வழியே பார்த்தார்.

"அக்கா, காட்டுறதுக்கு ஏதாவது இருக்கா?"

"என் முடியைப் பாரு. நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கேன்."

அப்பா சிரித்தார். கையை உள்ளே விட்டு மகளின் கன்னத்தைக் கிள்ளினார். "பொடிசு, அத்தையை பத்திரமா கூட்டிட்டு வந்தியா? போங்க, போங்க." பையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஃபிரான்ஸிக்கு உயிர் வந்தது. கூடவே கொஞ்சம் திமிரும் வந்தது.

நிலவறையில் ராஜ மரியாதை. கோர்பி நாற்காலியைத் துடைத்தே போட்டான். கம்ப்யூட்டரில் குறுந்தட்டு சுழன்றது, கோட்டை வந்தது, அதே இருட்டு நடைபாதை, அதே முதல் கதவு. அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த இடம். கதவைத் திறந்தாள்.

உள்ளே ஓர் ஆள் நின்றிருந்தார். பச்சைச் சீருடை, தொப்பி, மீசை. ஒரு கையை உயர்த்தி, "நில்!" என்றார்.

ஃபிரான்ஸி நின்றாள். அவர் சுட்டார். ஆட்டம் முடிந்தது.

"பரவாயில்ல, புதுசுல அப்படித்தான்" என்றான் கோர்பி.

இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவது தடவை ஃபெர்டியால் பொறுக்க முடியவில்லை.

"சுடு தலைவி! என்ன பார்த்துட்டே நிக்கிற? பாஸ்போர்ட் எடுத்துக் காட்டப் போறியா?"

"அவருக்கு மீசை இருக்கு."

"மீசை இருந்தா குண்டு போகாதா?"

"தகரடப்பான்னாதான் இவளுக்கு வீரம்" என்று கோர்பி அவளை எழுப்பிவிட்டு உட்கார்ந்தான். "பொடிசு பொடிசுதான். பக்கெட்டுக்குப் போ."

ஒரு மாதத்து மரியாதை ஒரு நிமிடத்தில் போனது. அவள் பக்கெட்டில் உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். கோர்பி கதவைத் திறந்தான், சுட்டான். சுவர் முழுக்கச் சிவப்பு. அடுத்த கதவில் இன்னொருவர், அதே சீருடை, அதே மீசை. நான்கு பேர் விழுந்தார்கள். கம்பெனிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே முகத்தை வைத்து வேலையை முடித்திருந்தார்கள்.

"எல்லாரும் அப்பா மாதிரியே இருக்காங்க" என்றாள் ஃபிரான்ஸி.

கோர்பியின் விரல் நின்றது. "ஏன்டி சொன்னே? இனிமே எனக்கும் அப்படியேதான் தெரியும்."

அந்த நேரம் பார்த்து படிக்கட்டில் பூட்ஸ் சத்தம். வேலை முடிந்து வந்தால் அப்பா நிலவறையில்தான் பூட்ஸைக் கழற்றுவார். திரையில் ஒருவர், வாசலில் ஒருவர். ஃபெர்டி திரையைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். எழுந்து நின்றுவிட்டான்.

அப்பா திரைக்கு அருகே வந்து உற்றுப் பார்த்தார். "யாரு இவன்?"

"காவல்காரர்ப்பா."

"காவலுக்கு ஒத்தை ஆளா? ரெண்டு பேர் நிக்கணும். தொப்பி வேற கோணலா இருக்கு. எந்திரி, நான் பார்க்கிறேன்."

எப்படி நடப்பது என்று கேட்டுக்கொண்டு இரண்டு விரலால் நடந்தார். "நில்!" என்றது திரை. அப்பா சட்டென்று விசையிலிருந்து கையை எடுத்துவிட்டார். செத்தார். மறுபடி நடந்தார், மறுபடி நின்றார், மறுபடி செத்தார்.

"அங்கிள், அவன் நில்லுன்னா நிக்கக் கூடாது" என்றான் ஃபெர்டி, மெல்ல.

"நில்லுன்னா நிக்கணும்! இருபத்திரண்டு வருஷமா நான் சொல்லிட்டிருக்கேன். எல்லாரும் உன்னை மாதிரி நினைச்சா நான் எதுக்கு அங்க?"

கோர்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஃபெர்டிக்கும் வந்தது. அப்பாவே பாதி சிரித்தார். சிரித்துக்கொண்டே மேஜையிலிருந்த பெட்டியை எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் ஆஸ்திரிய ஷில்லிங்கில் விலை ஒட்டியிருந்தது.

"இது அந்தப் பக்கத்து விலையாச்சே." கோர்பியைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "மறுபடியும் நீயா?"

"இல்லப்பா. சத்தியமா நான் இல்ல."

"வேற யாரு?"

கோர்பி வாயைத் திறக்கவில்லை. தங்கையைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அவன் அப்படிப்பட்டவன்தான், கிண்டல் செய்வான், காட்டிக்கொடுக்க மாட்டான். அவனுக்காகவாவது சொல்ல வேண்டும் என்று ஃபிரான்ஸிக்குத் தோன்றியது.

"நான்தான்ப்பா."

"நீயா? எப்போ?"

"இன்னிக்கு. அத்தை கார்ல."

"இன்னிக்கு நான்ல பாலத்துல நின்னேன். எங்க வெச்சிருந்தே?"

"பையில. மடி மேலதான் இருந்துது."

அப்பா பெட்டியிலிருந்த விலையை மறுபடி பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"உன் பையைப் பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்ல" என்றார். அவ்வளவுதான். தட்டை வெளியே எடுத்துப் பெட்டியில் போட்டு, பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பூட்ஸை மட்டும் கழற்றிய காலோடு மேலே போய்விட்டார்.

அந்த வாரம் பச்சை ரத்தமே திரும்பி வந்தது. நாற்காலி உனக்குத்தான் என்று ஃபெர்டி பெருந்தன்மையாகச் சொன்னான். அவள் நிலவறைக்கே போகவில்லை. வீட்டில் அப்பா எப்போதும்போலத்தான் இருந்தார், உப்பை எடு என்றார், கதவைச் சாத்து என்றார். ஆனால் பொடிசு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. எத்தனை நாளாயிற்று என்று அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை அத்தையோடு போய்த் திரும்பினாள். சாவடியில் அப்பா. கார் நின்றதும் நிமிர்ந்து நின்று தொப்பியில் கை வைத்தார்.

"வணக்கம். உங்க பாஸ்போர்ட்டைக் காட்டுங்க." ஃபிரான்ஸியின் பக்கம் திரும்பினார். "உங்க பையைத் திறங்க."

"டேய் அலோய்ஸ், பைத்தியமா? உன் பொண்ணுடா!" என்றாள் அத்தை.

"தெரியும்க்கா."

ஃபிரான்ஸி பையைத் திறந்து நீட்டினாள். அவர் அவசரப்படாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒரு சீப்பு, பாதி கடித்த ரொட்டி, மூக்குத் துடைக்கிற கைக்குட்டை. கைக்குட்டையையும் பிரித்துப் பார்த்தார். எல்லாவற்றையும் எடுத்த வரிசையிலேயே திரும்ப வைத்தார். பெரியவர்களுக்கு எப்படிச் செய்வாரோ அப்படியே, ஒரு குறையும் இல்லாமல்.

"நன்றி. நீங்க போகலாம்."

முதல் முனை திரும்புகிற வரைக்கும் அவள் அடக்கிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை. அத்தை பதறிப்போய்க் காரை ஓரம் கட்டினாள்.

"என்னடி ஆச்சு? பையில ஒண்ணுமே இல்லையே, அப்புறம் எதுக்கு அழறே?"

"நீங்கன்னு கூப்பிட்டார் அத்தை" என்று தேம்பினாள் ஃபிரான்ஸி. "பொடிசுன்னு ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல?"