மூன்றாம் வாரத்துப் பக்கம்

மருந்து நிறுவனத்திலிருந்து வந்த நிபுணர் முதல் வகுப்பில் ஒரு காலி நாற்காலியை இழுத்து எங்கள் முன்னால் போட்டார். நாங்கள் உயிரித் தொழில்நுட்பம் கடைசி ஆண்டு. செல், புரதம் என்று தொடங்குவார் என நினைத்துப் பேனாவைத் திறந்து வைத்திருந்தோம்.

"உங்க நோயாளி இதுல உட்கார்ந்திருக்காங்க," என்றார். "கை நடுக்க நோய். அவங்களைத் தெரியாம அவங்களுக்கு மருந்து செய்ய முடியாது. வாரம் ஒரு பக்கம் எழுதுங்க. ஒவ்வொரு வாரமும் நோய் கொஞ்சம் கூடணும். இன்னொண்ணு, எழுதினதை அழிக்கக் கூடாது. தப்புன்னா மேல ஒரே ஒரு கோடு, திருத்தம், கையெழுத்து, தேதி. எங்க கம்பெனியில ரப்பர் வெச்சிருந்தா வேலை போயிடும்."

எங்கள் குழுவில் நான்கு பேர். நான் வாயைத் திறக்காதவள் என்பதால் நோட்டு என்னிடம் வந்தது.

"நாங்க வாய், நீ கை," என்றாள் தோழி.

மதியமே எழுதிவிட்டேன். ஐம்பத்தொரு வயதுப் பெண். போன மாதம் இடது கையில் நடுக்கம் தொடங்கியது. யார் கண்ணிலும் படாமலிருக்க, உட்காரும்போது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வாள்.

நிபுணர் அந்த வரியில் நின்றார். "இது எங்கிருந்து வந்துச்சு?"

"தோணுச்சு சார்."

அன்று மாலை அம்மா வேலை முடிந்து வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். நூலகத்தில் பதிவேடு எழுதுவது அவள் வேலை. டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய இடது கை தொடைக்கு அடியில் இருந்தது. வயதை அம்மாவிடமிருந்துதான் எடுத்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன். கை குளிருக்காக இருக்கும். மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. யாருக்கும் குளிரவில்லை.

இரண்டாம் வாரம் என் நோயாளிக்கு வாசனை தெரியாமல் போனது. பாடநூலில் உள்ள அறிகுறிதான். சனிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்தால் வீடு முழுக்கத் தீய்ந்த நாற்றம். அடுப்பில் பால் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அம்மா அதற்கு முதுகைக் காட்டியபடி பக்கத்திலேயே நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பால்!"

"ஏன்டி கத்தறே? நான் என்ன செவிடா?" என்று திரும்பினாள். புகையைப் பார்த்த பிறகுதான் அடுப்பை அணைத்தாள்.

மூன்றாம் வாரத்துக்கு என்ன எழுத வேண்டும் என்று நிபுணரே சொன்னார்.

"இப்ப அவங்க கையெழுத்து சுருங்கணும். வரி ஆரம்பிக்கும்போது சரியா இருக்கும். முடியறதுக்குள்ள எறும்பு மாதிரி ஆயிடும்."

தலைப்பை மட்டும் போட்டுப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டேன். நான் எழுதுவதெல்லாம் வீட்டில் நடக்கிறது என்று அறிவியல் படிக்கிறவள் யாரிடம் போய்ச் சொல்வது? எழுதாவிட்டால் நிற்குமா என்று பார்க்க நினைத்தேன்.

"கைக்கு என்ன ஆச்சு? ஸ்டிரைக்கா?" என்றாள் தோழி.

நிபுணர் கோபப்படவில்லை. காலிப் பக்கத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாவம் பார்க்கறியாம்மா? நீ பார்ப்பே. நோய் பார்க்காது. திங்கட்கிழமை எனக்குப் பக்கம் வேணும்."

ஞாயிறு மாலை மாடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன். அம்மா என் மேசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் நோட்டு விரிந்திருந்தது.

"யாருடி இது?"

"யாருமில்லம்மா. வகுப்புக்காக. கற்பனை."

"கற்பனை," என்று அம்மா மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "இதுல ஒண்ணு தப்பா இருக்கே."

பேனாவை எடுத்தாள். அழிக்கக் கூடாது என்ற விதியை நான்தான் வேடிக்கையாக அவளிடம் சொல்லியிருந்தேன். முதல் வாரத்துப் பக்கத்தில் 'போன மாதம்' என்பதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் 'போன வருடம்' என்று எழுதினாள். கையெழுத்து. தேதி.

கையிலிருந்த துணி நழுவிக் காலடியில் விழுந்தது.

"மூணாவது வாரப் பக்கம் ஏன் காலியா கிடக்கு? நாளைக்குக் குடுக்கணும்ல?"

"வேணாம்மா. எழுதாதே."

அம்மா அந்தக் காலிப் பக்கத்துக்குப் புரட்டினாள். இடது கை தொடைக்கு அடியில் இருந்தது. வலது கை எழுதத் தொடங்கியது. பதிவேடுகளில் சின்ன வயதிலிருந்து நான் பார்த்து வந்த அதே பெரிய, உருண்டை எழுத்து. 'அவளுக்கு ஒரு மகள். அதிகம் பேச மாட்டாள். ஆனால்' என்பது வரை என்னால் படிக்க முடிந்தது. அதற்குப் பிறகு எழுத்துகள் சிறுத்து, ஒன்றையொன்று நெருங்கி, வரிசை கலையாமல் காகிதத்தின் ஓரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.