மூக்குச் சொட்டுக்கு மிஞ்சாத ஐஸ்

1

கொலைக்கதை எழுதத்தான் உட்கார்ந்தேன். தீவு, மோட்டார் போட், ஒரு பிணம்; பத்திரிகை ஆசிரியர் கேட்டது அவ்வளவுதான். போட்டில் ஓர் ஐஸ் பெட்டியை ஏற்றினேன். உள்ளே என்ன வைப்பது என்று யோசித்ததில் கொலைகாரனைத் தவறவிட்டேன்.

'அந்த அமாவாசை இருட்டில் அந்தமானின் லாங் ஐலண்டை நோக்கி...' வேண்டாம். பட்டப்பகல். 1969. மண்டையைப் பிளக்கும் வெயில்.

2

பெட்டியை மடியில் வைத்திருந்தாள் நர்ஸ் இந்திராணி. உள்ளே ஃப்ளூ காய்ச்சலுக்கு இரண்டு தடுப்பு மருந்துகள். ஊசியில் செத்த கிருமி. மூக்கில் விடும் சொட்டில் வலுவிழந்த, ஆனால் உயிருள்ள கிருமி. பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது, மீதிக்கு இது. எது காக்கிறது என்று பார்க்கவேண்டும். மெயின்லேண்டு டாக்டர் ஜெகநாதனின் ஆராய்ச்சி.

நடுக்கடலில் இன்ஜின் நின்றது. ஐஸ் உருகிக்கொண்டே வந்தது.

"சிஸ்டர், பரஃப் பூரா பானி ஆயிட்டிருக்கு" என்றான் போட்காரன் சிராஜ். "மீன் பெட்டியா இருந்தா இந்நேரம் கடல்ல கொட்டியிருப்பேன்."

மிச்சமிருந்த ஐஸ் ஒன்றுக்குத்தான் போதும். அதை ஊசி மருந்தைச் சுற்றி அடுக்கினாள். குத்தினால்தானே மருந்து? வலிக்காத வைத்தியத்தைத் தீவில் யார் நம்பினார்கள்?

(உயிருள்ளதற்குத்தான் குளிர் அவசரம், செத்தது கொஞ்சம் தாங்கும். எனக்கே இது மூன்றாவது வரைவில்தான் உறைத்தது. அவளுக்கு வாய்த்தது ஒரே வரைவு.)

3

பள்ளியில் சீட்டுக் குலுக்கினார்கள். கடைக்கார லத்தீபாவின் மகள் சம்சாத்துக்குச் சொட்டு.

"எம் புள்ளைக்கு மட்டும் மூக்குல தண்ணியா? சூயி குத்துங்க சிஸ்டர்!"

"ரெண்டும் மருந்துதான் லத்தீபாக்கா. நான் சொல்றேன்ல?"

சில வாரங்களில் கப்பலோடு காய்ச்சலும் வந்து இறங்கியது. ஊசிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தப்பினார்கள். சொட்டுப் பிள்ளைகள் வரிசையாகச் சாய்ந்தார்கள். சம்சாத்துக்கு நிமோனியா.

[லத்தீபா பாய்ந்து வந்து இந்திராணியின் கன்னத்தில்... இல்லை. அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. மகளுக்கு விசிறிக்கொண்டிருக்கிறாள்.]

4

டாக்டர் ஜெகநாதன் சம்சாத்தின் கட்டிலருகே வந்தார்.

"சொட்டு வேஸ்ட். அப்படியே ரிப்போர்ட் அனுப்பிடலாம். ஐஸ் கடைசி வரைக்கும் இருந்துச்சில்ல, இந்திராணி?"

லத்தீபா நிமிர்ந்தாள்.

'இருந்தது' என்று ஒரு முடிவு எழுதினேன். இந்திராணியின் வேலை பிழைக்கிறது; சோதிக்கப்படாமலே ஒரு மருந்து குப்பைக்குப் போகிறது. 'இல்லை' என்று இன்னொன்று. லத்தீபாவின் விசிறி நிற்கிறது. அதற்கு மேல் என் பேனா நகரவில்லை. இரண்டு தாளிலும் சம்சாத்தின் மூச்சு ஒரே மாதிரிதான் இழுக்கிறது.

பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவர்கள் சிராஜ், இந்திராணி, நான், நீங்கள். சிராஜ் கடலில் இருக்கிறான். நான் பேனாவை மூடிவிட்டேன். இந்திராணி குனிந்து சம்சாத்தின் நாடியைப் பிடிக்கிறாள்.

லத்தீபா உங்களைப் பார்க்கிறாள்.