மைனஸ் எலி

பாடம் எப்படிப் போயிற்று என்று நான் எழுதி அனுப்பிய வகுப்பறைக் குறிப்புக்கு டாக்டர் கார்லிஸ் வெனிங் எழுபத்தொரு மணி நேரம் பதில் போடவில்லை. வியாழக்கிழமை வீடியோ கூட்டம் தொடங்கியதும் அதைத் திரையில் எல்லோருக்கும் தெரியும்படி திறந்து வைத்தார்.

"இன்னைக்கு மாரிட்டோட கிளாஸைப் பார்க்கலாம். ரொம்ப நேரம் ஆகாது. அதுல பெருசா ஒண்ணும் இல்ல."

திரையில் ஆறு கட்டங்கள். ஐந்தில் நாங்கள், சிறு ஊர்க் கல்லூரிகளில் முதலாண்டு உயிரியல் நடத்துகிறவர்கள். ஆறாவதில் எங்கள் வழிகாட்டி வெனிங். நிஜ ஆராய்ச்சித் தரவை வகுப்புக்குக் கொண்டுபோவது எப்படி என்று எங்களுக்குச் சொல்லித்தர வந்தவர். காட்டு எலிப் பாடத்தை எழுதியவரும் அவரே. ஓக் மரங்கள் நிறையக் காய்த்த வருடத்துக்கு அடுத்த வருடம் எலிகள் பெருகுகின்றனவா, கொழுக்கின்றனவா என்று பதினான்கு வருடத் தரவிலிருந்து மாணவர்களே கண்டுபிடிக்க வேண்டும். பாடத்தின் முதல் பக்கத்தில் போட்டிருக்கும்: நேரம், ஐம்பது நிமிடம்.

எனக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது.

வடக்கு மினசோட்டாவில் நான் பகுதிநேர ஆசிரியை. எனக்கு வகுப்பு உண்டா இல்லையா என்று ஒவ்வொரு பருவமும் டீன் புதிதாக முடிவு செய்வார். இந்த முறை தெளிவாகச் சொல்லிவிட்டார்: வெனிங் நல்லபடியாக எழுதினால் ஜனவரியில் இரண்டு வகுப்பு. இல்லையென்றால் ஒன்றும் கிடையாது.

"ஐம்பது நிமிஷப் பாடத்துக்கு மூணு வாரம்," என்றார் வெனிங். "ஏன் கண்ணு, எலியையும் நீயே போய்ப் புடிச்சுட்டு வந்தியா?"

யாரோ சிரித்தார்கள். என் மைக் அணைந்திருந்தது. நானும் சிரித்து வைத்தேன்.

"என் பசங்க கிராஃப் வரைஞ்சு, விளக்கமும் எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க. உன் கிளாஸ்ல யார்தான் இருக்காங்க?"

மைக்கைத் திறந்தேன். "நர்சிங் சேரணும்னு வர்றவங்க, டாக்டர். பாதிப் பேர் ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுட்டு நேரா வருவாங்க."

"பழியை அவங்க மேல போடாத."

"நான் போடல, அவங்க..."

"கேக்கல. எப்பவும் இப்படித்தான் முணுமுணுப்பியா? கிளாஸ்லயுமா? அப்போ மூணு வாரம் கம்மிதான்."

மைக்கை அணைத்துவிட்டேன்.

நெப்ராஸ்காக்காரர் ட்வெய்ன் குசேரா தொண்டையைச் செருமினார். கூட்டத்தில் எப்போதும் எதையாவது தின்றுகொண்டிருப்பவர். "எனக்கும் ரெண்டு வாரம் ஆச்சு, டாக்டர்."

"உங்க முறை வரும், ட்வெய்ன். அதுவரைக்கும் சாப்பிடுங்க."

வெனிங் என் குறிப்பில் ஒரு வரியைத் தேர்ந்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். "'முதல் வகுப்பு முழுக்க மைனஸ் எலியிலேயே போய்விட்டது.' இது என்ன, உங்க ஊர் ஜோக்கா?"

கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். அது விளக்க வேண்டிய விஷயமே இல்லை. எடை போடும் முன் கை நழுவி ஓடிய எலிக்கு தரவைச் சேர்த்த ஆராய்ச்சிக்காரர்கள் எடைக் கட்டத்தைக் காலியாக விடுவதில்லை. மைனஸ் 9999 என்று போடுவார்கள், யாரும் அதை நிஜ எடை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. என் மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மொத்தத்துக்கும் சராசரி போட்டார்கள். ஒரு எலியின் எடை மைனஸ் 481 கிராம் வந்தது. மரம் அறுக்கும் ஆலையிலிருந்து வரும் ப்ரோடி கேட்டான்: "டீச்சர், இந்த எலியைத் தராசுல வச்சா தராசு போய்க் கூரைல இடிக்குமா?" அன்று அதற்குமேல் பாடம் ஓடவில்லை. அடுத்த வகுப்பில் அவர்களாகவே அந்த எண்ணை யார் போட்டது, ஏன் போட்டது என்று கேட்டார்கள். பருவத்திலேயே நல்ல நாள் அதுதான். அதையும் குறிப்பில் எழுதியிருந்தேன்.

"அந்த மைனஸ் 9999 எல்லார் கிளாஸ்லயும் வர்றதுதானே," என்றார் ட்வெய்ன், வாயில் சாண்ட்விச்சோடு. "என் பசங்க அதுக்குப் பேரே வச்சுட்டாங்க. ஹெர்பர்ட்."

மற்ற மூன்று கட்டங்களும் சிரித்தன. ஒருத்தி கையைத் தூக்கி, தனக்கும் அப்படித்தான் என்று காட்டினாள்.

வெனிங் சிரிக்கவில்லை. "என் ஃபைல்ல அப்படி எதுவும் கிடையாது. நீங்க எல்லாரும் ஏதோ தப்பான ஃபைலை இறக்கியிருக்கீங்க."

"உங்க பாடத்துல இருக்கற லிங்க்லேர்ந்துதான் இறக்கினோம்," என்றார் ட்வெய்ன்.

"அது அப்புறம். மாரிட், உன் டீனுக்கு இன்னைக்கே எழுதிடறேன், நீ இன்னும் தயாராகலன்னு. மனசுல வச்சுக்காத. சிலருக்கு லேப்ல குடுவை கழுவற வேலைதான் சரிப்படும்."

ஜனவரி வகுப்பு கைவிட்டுப் போயிற்று. இனி பயந்து காப்பாற்ற என்னிடம் எதுவும் இல்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. தன் கணினியில் அந்த எண்களை அழித்துவிட்டு ஒருவர் பாடம் எழுதலாம். மாணவர்கள் லிங்க்கிலிருந்துதான் எடுப்பார்கள்; அவர் மாணவர்களுக்கும் மைனஸ் எலி வந்திருக்க வேண்டும்.

மைக்கைத் திறந்தேன்.

"டாக்டர், உங்க பசங்க ஃபைலை எங்கேர்ந்து எடுத்தாங்க?"

"அதே லிங்க்தான். வேற எங்கேர்ந்து எடுப்பாங்க?"

"சராசரி எவ்வளவு வந்துச்சு அவங்களுக்கு?"

"பத்தொம்பது கிராம். என்ன வரணுமோ அது."

"முதல் தடவையேவா? எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

ட்வெய்ன் மெல்லுவதை நிறுத்தினார்.

"இந்தப் பாடத்தை எந்த செமஸ்டர்ல எடுத்தீங்க, டாக்டர்?"

"இந்தக் கூட்டம் உன்னைப் பத்தினது."

"தெரியும். எந்த செமஸ்டர்?"

"என்கிட்ட யாரும் இப்படிப் பேசினதில்ல."

"கேக்கலைன்னா இன்னும் சத்தமா கேக்கறேன்."

வெனிங்கின் கண் திரையின் மூலைக்குப் போயிற்று. கூட்டத்தை முடிக்கும் சிவப்புப் பொத்தான் அங்கேதான் இருக்கும். ஐந்து பேரும் அவர் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் அழுத்தவில்லை.

"எடுத்ததில்ல," என்றார். "அந்தப் பாடத்தை நான் ஒரு கிளாஸுக்கும் எடுத்ததே இல்ல."