பதினான்கு சாலைகளையும் நிறுத்திய செவ்வாய்க்கிழமை

மார்ச் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை எங்கள் ஹார்லோ மில்ஸ் ஊரில் அரசாங்கம் என்றால் நாங்கள்தான். பள்ளிக்கூடத்து அரங்கில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, நூலகம் வேண்டுமா, தீயணைப்பு வண்டி வேண்டுமா என்று கை தூக்கியே முடிவு செய்வோம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்தவனுக்கு வரி என்றாலே ஆகாது. எனக்கும் ஆகாது. இத்தனைக்கும் அந்த வரியில் சம்பளம் வாங்கி, ஊர்ச் சாலைகளில் பனி வாரும் லாரியை ஓட்டுகிறவன் நான்.

எமரி தாக்ஸ்டருக்கு எப்போதும் முதல் வரிசை. நாற்பது வருடமாக அவருக்கு ஒரே பேச்சு: அரசாங்கம் கையை எடுக்கட்டும், அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள். இந்த வருடம் அதில் சூடு அதிகம். வீட்டு வரி ஏறி ஏறி, தாத்தா வைத்த மேப்பிள் தோப்பை விற்கும் நிலைக்கு வந்திருந்தார். மனைவி லவினியாவுக்கு இடுப்பெலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கட்டிலை விட்டு எழ முடியாதவளைத் தனியே விட்டு, கணப்பில் விறகை நிறைத்துவிட்டு வந்திருந்தார். மூன்று மணிக்குள் திரும்பாவிட்டால் கணப்பு அணைந்துவிடும். வெளியே காலையிலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது.

பனி வாருவதற்கு, ஊரிலுள்ள பதினான்கு சாலைகளுக்கும் சேர்த்து ஒரே வாக்கெடுப்பு நடத்துவதுதான் வழக்கம். எமரி எழுந்து, சாலை சாலையாகத் தனித்தனி வாக்கு கேட்டார். தேவையுள்ள சாலைக்கு மட்டும் பனி வாருவது தொடரும், வெட்டிச் செலவு ஒழியும் என்பது அவர் நினைப்பு. கூட்டத்தை நடத்தும் ரகில்ஸ் அம்மா, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சுட்டீங்களா, எமரி?"

யோசித்தாயிற்று என்றார் எமரி.

முதலில் குளத்துச் சாலை. அங்கே மூன்று வீடுகள்தான். வார வேண்டாம் என்று மற்ற எல்லாரும் கை தூக்க, அந்தச் சாலை ஒழிந்தது. முகம் சிவந்த அந்த மூன்று வீட்டுக்காரர்களும் அடுத்த சாலையை ஒழிக்க முதல் ஆளாகக் கை தூக்கினார்கள். அப்புறம் கேட்கவா வேண்டும்? எந்தச் சாலையை எடுத்தாலும் அதில் குடியிருப்பவர்கள் கொஞ்சம், இல்லாதவர்கள் நிறைய. நானும் என் சாலையைத் தவிர எல்லாவற்றுக்கும் கை தூக்கினேன். என் வேலைக்கு நானே வேட்டு வைக்கிறேன் என்பது ஒன்பதாவது சாலையில்தான் உறைத்தது. வெட்கக்கேடு, அப்போதும் கை இறங்கவில்லை.

ஒவ்வொரு வாக்கும் முடிந்த கையோடு எமரி எழுந்து, மறுபரிசீலனைக்குத் தடை கேட்டார். இதுவும் எங்கள் வழக்கம்தான். பாதிப் பேர் வீட்டுக்குப் போன பிறகு மிச்சப் பேர் முடிவைப் புரட்டிவிடக் கூடாது அல்லவா? தடை விழுந்துவிட்டால் ஏழு நாளைக்கு யாரும் அதைத் தொட முடியாது.

கடைசியாக எமரியின் மேட்டுச் சாலை. அதைக் காப்பாற்ற ஐந்தே கைகள். இந்த முறை அவர் எழவில்லை. குளத்துச் சாலைக்காரி எழுந்து, "அந்தத் தடையையும் போட்டுடுங்க" என்றாள்.

கூட்டம் கலைந்தபோது மணி இரண்டே கால். கார்கள் பாதி புதைந்திருந்தன. எமரி நேராக என் லாரிக்கு வந்து, மேட்டுச் சாலைக்குக் கிளம்பச் சொன்னார்.

"இது ஊர் லாரிண்ணே," என்றேன். "எந்தச் சாலையையும் வாரக் கூடாதுன்னு நீங்கதானே முடிவு பண்ண வெச்சீங்க. இப்போ நான் எடுத்தா தப்பு."

அவர் வாதாடவில்லை. விதியை மதிக்கிறவர். கடிகாரத்தைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். "லவினியா எழுந்திரிக்க முடியாதுடா, லோர்ன்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. என் சொந்த வண்டியின் முன்னாலும் பனி வாரும் தகடு உண்டு. அக்கம்பக்கத்தான்தானே நான், ஏறுங்கள் என்றேன்.

நாங்கள் கிளம்பியதும் பின்னால் முப்பது கார்கள் ஒட்டிக்கொண்டன. எல்லாரும் ஹாரன் அடித்து, என் சாலைக்கு முதலில் வா என்று கத்தினார்கள். எமரிக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இதுக்கு ஒரு ஒழுங்கு வேணும்டா. எந்த ரோடு முதல்ல, எது அப்புறம்னு பட்டியல் போடணும். பொறுப்பா ஒரு ஆளை வெச்சு, டீசலுக்கு வீட்டுக்கு வீடு கொஞ்சம் கொஞ்சம்..."

அங்கே நிறுத்திக்கொண்டார். நான் தகட்டை இறக்கினேன்.

போய்ச் சேர்ந்தபோது கணப்பில் சாம்பல்தான் மிச்சம். மூன்று போர்வைக்குள் லவினியா நடுங்கிக்கொண்டிருந்தாள். எமரி கோட்டைக்கூடக் கழற்றாமல் மண்டியிட்டு விறகை அடுக்கினார். ஏன் இவ்வளவு நேரம் என்று அவள் கேட்டாள். நம் சாலைக்குப் பனி வாருவதை நிறுத்திவிட்டார்கள் என்றார்.

"எந்தப் பாவி நிறுத்தினது?"

எமரி திரும்பவில்லை. தீக்குச்சியைக் கிழித்து, அது பற்றும் வரை காத்திருந்தார்.

"அரசாங்கம்" என்றார்.