சாட்சிக் கற்கண்டு

சுருட்டின் எந்த முனையை வாயில் வைப்பது என்றே சாலோமிக்குத் தெரியவில்லை. அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்து அதன் நுனியில் வைத்து ஊது ஊது என்று ஊதினாள். கருகியதே தவிரப் பற்றவில்லை.

"ஊதாதீயக்கா. உள்ள இழுக்கணும்" என்றாள் செல்லக்கிளி. கீரைக்கூடையை இறக்கி வைத்துவிட்டுப் புறவாசலில் நின்றுகொண்டிருந்தாள். சுருட்டும் அவள் கொடுத்ததுதான். மத்தியானம் தான் குடிப்பதற்கென்று முந்தானையில் முடிந்து வைத்திருந்தது.

சாலோமி இழுத்தாள். புகை தொண்டையில் அறைந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். நுனியில் நெருப்புக் கண் விழித்துவிட்டது.

"யாருகிட்டயும் சொல்லிராத, என்ன?"

"நான் யாருகிட்ட சொல்லப் போறேன்? உங்க கோயிலுக்கா வாரேன்? பைய கொண்டு போங்க. அணைஞ்சிரப் போவுது."

உள்ளே அவள் புருஷன் சத்தியநேசன் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது. கால் இரண்டும் நீர் கோத்து வீங்கிப் பளபளத்தன. வைத்தியர் நேற்றே கையை விரித்துவிட்டார். கேட்டதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சத்தியநேசன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். காலையில் கேட்டார், சாலோமி முடியாது என்றாள். கஞ்சி கொண்டுபோனபோது மறுபடி கேட்டார், அவள் காதில் விழாதது போல இருந்தாள். அவர் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

பாளையங்கோட்டையில் அவர்களுடைய கிறிஸ்தவச் சபையில், சத்தியநேசன் சுருட்டை விட்ட கதை தெரியாதவர் கிடையாது. வண்ணார்பேட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா வேலை. சாயங்காலம் வீடு திரும்பும்போது தெருமுனையில் முதலில் புகை வரும், பிறகுதான் அவர் வருவார். பாவத்தை விட்டு மனந்திரும்பச் சொல்லும் எழுப்புதல் கூட்டங்கள் நடந்த வருஷம் சாலோமிதான் மூப்பர் ஞானசிகாமணியிடம் போய் அழுதாள். மூப்பர் என்றால் சபையின் கண்ணும் காதும், முக்கியமாக மூக்கும். கடைசி நாள் கூட்டத்தில் சத்தியநேசன் எழுந்து பீடத்தின் முன்னால் நின்று, இனி தொடுவதில்லை என்று பிரதிக்கினை பண்ணினார். சொன்னபடி விட்டும்விட்டார். சபையும் அதோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. ஆளாளுக்கு அவருக்குத் தைரியம் சொல்லக் கிளம்பினார்கள். "ஆசை வந்தா இத வாயில போட்டுக்கிடுங்க, நாங்க இருக்கோம்" என்று பனங்கற்கண்டை உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்கள். கோயிலில், கடைத்தெருவில், ஆற்றுப் பாலத்தில், வக்கீல் வீட்டு வாசலில்கூட. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் மூப்பர், "நம்ம சகோதரன் எப்படி இருக்காரு?" என்று கேட்பார். சத்தியநேசன் எழுந்து, "கர்த்தருடைய கிருபையால் ஜெயம்" என்று சொல்லி உட்கார வேண்டும். வாசலில் கைகொடுக்கிற சாக்கில் மூப்பர் முகத்தருகே குனிந்து ஒரு தரம் மோந்து பார்ப்பார். அது வருஷக்கணக்காக நடந்தது. பாதையில் சபைக்காரர் யாராவது எதிரே வந்தால், அவர் வாய் திறக்கும் முன்னாலேயே சத்தியநேசன் கையை நீட்டிவிடப் பழகிக்கொண்டார். பேச்சுத்தான் குறைந்துபோயிற்று.

சாலோமிக்கு அப்போது அதெல்லாம் பெருமையாக இருந்தது. பெண்கள் பக்கத்தில் முன்வரிசைப் பாயில் அவளுக்கு இடம் கிடைத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

பயமும் இருந்தது. கள்ளை விடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் குடித்த ஒருத்தன் போன வருஷம் செத்தபோது கோயில் மணி அடிக்கவில்லை. பிரேதத்தை உள்ளே விடவில்லை. வீட்டிலிருந்து நேரே கல்லறைக்குக் கொண்டுபோனார்கள், பெட்டியைத் தூக்கக்கூட ஆள் சேரவில்லை.

சத்தியநேசனுக்குக் கையைத் தூக்க முடியாததால் சுருட்டை அவளே பிடித்துக்கொண்டாள். அவர் கண்ணை மூடி இழுத்தார். இருமல் வரும் என்று பயந்தாள், வரவில்லை. புகை மூக்கு வழியாக நிதானமாக வெளியே வந்தது. அந்த முகத்தை அவள் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. கல்யாணமான புதிதில் பார்த்த முகம்.

"நல்ல சரக்கு. செல்லக்கிளி குடுத்தாளா?"

"ஆமா."

"அவ ஒருத்திதான் மனுசி" என்றார்.

சாலோமி சாம்பலைத் தட்டினாள்.

"விடணும்னு நெனச்சேன், விட்டேன். அது எஞ் சங்கதி, ஏட்டி. அத எடுத்து ஊருக்கெல்லாம் பங்கு வச்சிட்டிய." மூச்சு வாங்கியது. "சரி. இன்னொரு இழுப்பு தா."

கொடுத்தாள். அப்போது முன்வாசல் கதவு கிறீச்சிட்டது.

"அக்கா! ஜெபத்துக்கு வந்திருக்கோம். மூப்பரும் வந்திருக்காவ." பெண்கள் சங்கத்து இன்பமணியின் குரல்.

சாலோமி துள்ளி எழுந்தாள். சுருட்டைத் தரையில் தேய்த்து மடியில் செருகிக்கொண்டாள். பனையோலை விசிறியால் புகையை ஜன்னல் பக்கம் விரட்டினாள். கற்கண்டுச் சாடிக்குள் கையை விட்டு ஒரு பெரிய துண்டை எடுத்து அவர் உதட்டருகே கொண்டுபோனாள்.

அவர் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். பழகிய மனிதராக வாயைத் திறந்தார்.

வந்தவர்கள் பாய் விரித்து உட்கார்ந்து பாட ஆரம்பித்தார்கள். இரண்டாம் சரணத்தின் நடுவில் இன்பமணி பாட்டை நிறுத்தினாள். அவர் தலை தோளில் சரிந்திருந்தது.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் மூப்பரின் மூக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. அறையை ஒரு சுற்று பார்த்தார்.

"புகை வாடை அடிக்குதே" என்றார் மெதுவாக.

அவர் கட்டிலருகே போய்க் குனிந்தார். செத்தவரின் உதட்டை விரலால் விலக்கினார். உள்ளே கற்கண்டு முக்கால்வாசி கரையாமல் இருந்தது.

"பாத்தியளா! கடைசி மூச்சுவரைக்கும் கற்கண்டு!" மூப்பருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. "இதுல்லா சாட்சி!"

இன்பமணி அப்படி லேசில் விடுகிறவள் இல்லை. "அப்ப இந்த வாடை எங்கேருந்து வருது மூப்பரே?"

மடியில் சரியாக அணையாத சுருட்டு இன்னும் சூடாக இருந்தது. சேலையில் பொட்டுப் போலக் கருகியிருப்பதை சாலோமி அப்போதுதான் பார்த்தாள். இன்பமணியும் பார்த்துவிட்டாள். சாலோமி கட்டிலைப் பார்த்தாள். அந்த வீங்கிய காலோடு அவரை யாருமில்லாமல் தூக்கிக்கொண்டு போவதை நினைத்துப் பார்த்தாள். மடியிலிருந்து சுருட்டை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"நாந்தான் குடிச்சேன்."

பெண்கள் வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். இன்பமணி நெருங்கி வந்து அவள் முகத்தருகே மோந்து பார்த்தாள். வாடை அங்கேயும் இருந்தது.

"எம்புட்டு நாளா?"

"ரொம்ப நாளா."

"அவரு தொடலல்லா?" என்று கேட்டார் மூப்பர். அது ஒன்றுதான் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது.

"தொடல."

மூப்பர் பெருமூச்சு விட்டார். "மணி அடிக்கச் சொல்லுங்க."

மணி அடித்தது. கோயில் நிறையக் கூட்டம். வீட்டுக்குள்ளேயே சோதனையை வைத்துக்கொண்டு ஜெயித்த மனுஷன் என்று குருவானவர் பிரசங்கம் பண்ணினார். அத்தனை தலைகளும் ஒருசேரத் திரும்பிப் பெண்கள் பக்கத்தின் கடைசிப் பாயைப் பார்த்தன. முன்வரிசையில் அன்று இன்பமணி உட்கார்ந்திருந்தாள். பெட்டியைத் தூக்க ஆண்கள் முண்டியடித்தார்கள். சாலோமி அதை மட்டும் கண்குளிரப் பார்த்துக்கொண்டாள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் போய், வீடு ஓய்ந்த ஒரு காலைநேரம் இன்பமணி நாலைந்து பெண்களோடு வந்தாள். கையில் ஓலைப்பெட்டி போல ஒரு சின்னக் கொட்டான். பேச்சு முன்னைவிடக் கனிவாக இருந்தது.

"அக்கா, நடந்தது நடந்துபோச்சு. ஒங்கள நாங்க ஒதுக்கிருவோமா? ஞாயித்துக்கெழம எந்திச்சு நின்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. அண்ணன் சுருட்ட விடலியா? மூப்பர் வாராவாரம் வெசாரிக்கேன்னு சொல்லிருக்காவ."

மற்றப் பெண்களில் ஒருத்தி சாலோமியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். புறவாசலில் கீரைக்கூடையோடு வந்த செல்லக்கிளி, ஆட்களைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். சாலோமி ஒரு தரம் அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

இன்பமணி கொட்டானைத் திறந்து பெரிய கற்கண்டாகப் பார்த்து ஒன்றைப் பொறுக்கினாள்.

"ஆசை வந்தா இத வாயில போட்டுக்கிடுங்க. நாங்க இருக்கோம். எங்க, இப்பமே ஒண்ணு போடுங்க பாப்போம்."

சாலோமி வாயைத் திறந்தாள்.