எதிர்வீட்டிலிருந்து ஒரு சத்தம்

வேற்றுக்கிரகத்தில் அறிவுள்ளவர்கள் இருந்தால் ஏன் இதுவரை ஒரு சத்தமும் வரவில்லை? எண்பத்து மூன்றில், புனேயில் நாங்கள் குடியிருந்தபோது, என் கணவர் நார்மனுக்கு எந்நேரமும் இதே கவலைதான். அரிசியில் கல் கிடப்பதெல்லாம் அவர் கவலையில் சேராது.

மாலையானால் எதிர்வீட்டு ஐசக்கோடு மாடிப்படியில் நின்று இதை இந்தியில் அலசுவார். ஐசக் குடும்பத்தை மராட்டியக் கிறிஸ்தவர்கள் என்று நினைத்திருந்தோம். கதவுக்கு வெளியே கால் வைத்தால் நாங்களும் இந்திக்கு மாறிவிடுவோம். அங்கே போய் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சு சூடாக நடந்துகொண்டிருந்தது. அப்போது ஐசக்கின் மனைவி பாக்கியவதி உள்ளேயிருந்து கத்தினாள்.

"ஏங்க, பூனை மீனத் தூக்கிட்டுப் போவுது. அங்க நின்னு என்ன பேசிக்கிட்டிருக்கிய?"

நார்மன் தமிழுக்குத் தாவினார். "நீங்க தமிழா?"

"ஆமா, நாசரேத்துப் பக்கம். நீங்க கோவாக்காரங்கன்னுல்லா நெனச்சேன்" என்றார் ஐசக்.

இரண்டு வருஷமாக எதிரெதிர் வீடு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இப்பத் தெரியுதா, ஏன் சத்தம் வரலன்னு?" என்றேன் நார்மனிடம். "அங்கயும் ஒரு பூனை மீனத் தூக்கணும். அப்பத்தான் வாயத் தொறப்பாங்க."